பெயரின் பின்பாதி

கண்ணு,

போனில் கேட்டால் நீ "ம்" என்கிறாய். சாப்பிட்டாயா என்றாலும் "ம்", அங்கே குளிர் எப்படி என்றாலும் "ம்", மலருக்கு என்ன ஆகும் என்றாலும் அதே "ம்". கடிதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது, உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். கரண்ட் போய் நேரமாகிறது. கீழே நம் பனியன் கம்பெனியில் ஒரு மெஷினும் ஓடவில்லை. தைக்கிற பிள்ளைகள் வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எப்போதும் கடகடவென்று இருக்கும் வீடு இப்படி ஓய்ந்து கிடக்கும்போது, பக்கத்து அறையில் உன் தங்கை மலர் புரண்டு படுப்பது கூட எனக்குக் கேட்கிறது. முன்பெல்லாம் கரண்ட் போனால் அப்பாடா என்றிருக்கும். இப்போது பயமாக இருக்கிறது. இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்பதில்லை. பிரான்சில் உன்னோடு உட்கார்ந்து மரபணுக்களுக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கும் படித்துச் சொல். நம் சொந்தத்தில் யார் கேட்டாலும் காட்டு. மூடி மறைத்தது இந்த வீட்டில் போதும்.

ஆடியில் பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது என்று மலர் சொன்னபோது, பிரஷ்ஷை மாற்றடி என்றுதான் நான் சொன்னேன். முழங்காலில் நீலம் நீலமாக இருந்ததைப் பார்த்து, காலேஜ் பஸ்ஸில் எங்கே இடித்துக்கொண்டாய் என்று திட்டினேன். பிறகு காய்ச்சல் வந்து விடாமல் அடித்தது, கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனோம், எலும்பில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற மஜ்ஜை ரத்தம் செய்வதை நிறுத்திக்கொண்டே வருகிறது என்றார்கள். ஏன் வந்தது என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. சாயப்பட்டறைக் கழிவு இறங்கி, கிணற்றில் ஒரு வாரம் சிவப்பும் ஒரு வாரம் பச்சையுமாகத் தண்ணீர் இறைக்கிற ஊரில் எதை என்று சொல்வது? வேறொருவர் மஜ்ஜையை ஏற்றினால் பிழைப்பாள், அது பொருந்த வேண்டும் என்றார்கள். நீ லீவு போட்டு ஓடிவந்தாய். முதலில் உன் ரத்தத்தைத்தான் பார்த்தார்கள். பாதிதான் பொருந்தியது, அது போதாது என்றுவிட்டார்கள். அன்று நீ காரில் வீடு வரும் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாய். உன்னை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அதன்பிறகு உன் பெரியப்பா இறங்கினார். அவரைக் குறை சொல்ல வாயில்லை. குன்னத்தூரிலிருந்து வேன் வைத்துப் பங்காளி வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து, இங்கேயே பக்கத்தில் இருந்த லேபில் வரிசையாக நிற்க வைத்து ரத்தம் எடுக்கச் சொன்னார். "நம்ம கூட்டத்துப் புள்ளைக்கு நம்ம ரத்தம் சேராம வேற யார்ரது சேரும்?" என்றார். என் அண்ணன், உன் மாமன், அவிநாசிபாளையத்திலிருந்து வந்து, "என்ற புள்ளைக ரெண்டு பேரும் இருக்கறாங்க, பாக்கலாமுங்களா?" என்று கேட்டபோது பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். காப்பி கொடுத்து அனுப்பினார்கள். நம் குலத்தில் பிறக்காத வேறு கூட்டத்து ரத்தம் எப்படிச் சேரும் என்பதுதான் எல்லார் மனசிலும். மலருக்குக் காது குத்த மடி வேண்டும், மாமன் வர வேண்டும். சீர் செய்ய வேண்டும், மாமன் வர வேண்டும். ரத்தம் என்றால் மட்டும் மாமன் வெளியாள். அவள் உடம்பில் பாதி நான் கொடுத்தது என்பதை அந்தக் கூடத்தில் ஒருவர் கூட நினைக்கவில்லை. உனக்குத் தெரியும். நீ அதைத்தான் படித்திருக்கிறாய்.

ரிசல்ட் வருவதற்கு முன்னால் ஒரு நாள், கட்டிங் டேபிள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு மலர் உன்னை வம்புக்கு இழுத்தாளே, நினைவிருக்கிறதா? "அண்ணா, ஊர்ல கேட்டா நீ என்ன வேலை செய்யறேன்னு சொல்றது? பேர் வெக்கற வேலையா? அதுக்கு நம்மூர்ல அத்தைக இருக்கறாங்களே!" என்றாள். நீ சிரித்துவிட்டு, வெட்டி அடுக்கியிருந்த ஒரு துணிக்கட்டை எடுத்து, லாட் நம்பரும் அடுக்கு நம்பரும் எழுதி அதில் கட்டியிருந்த டிக்கெட்டைக் காட்டினாய். ஒரே லாட் துணிதான், ஒரே சாயம்தான், ஆனாலும் எந்த அடுக்கில் வெட்டிய முன்பக்கமோ அதே அடுக்கில் வெட்டிய பின்பக்கத்தோடுதான் தைக்க வேண்டும், லாட் நம்பரை மட்டும் எழுதி அடுக்கு நம்பரை விட்டுவிட்டால் தைக்கும்போது ஒன்றுபோலத்தான் இருக்கும், துவைத்த பிறகு பல்லை இளிக்கும் என்றாய். உடம்புக்குள்ளும் அப்படித்தான், எது தன்னுடையது எது அந்நியம் என்று கண்டுபிடிக்கிற மரபணுக்கள் ஆயிரக்கணக்கில் வகை வகையாக இருக்கின்றன, ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு லேபிலும் தங்கள் இஷ்டத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், பழைய முறையில் பார்த்தவர்கள் பெயரின் முன்பாதியோடு நிறுத்திவிட்டார்கள், அந்த முன்பாதிக்குள் வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது என்றாய். அதையெல்லாம் ஒரே முறைக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் உங்கள் வேலை, பின்பாதி தெரியாதவற்றுக்கு 'இதை நம்பி எதுவும் செய்யாதே' என்று குறி வைப்பீர்கள் என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. முதல் முறையாக உன் வேலை எனக்குப் புரிந்தது. மலர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப என்ற டிக்கெட்ல என்ன எழுதியிருக்குது?" என்று கேட்டாள். நீ அந்தக் கட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, டீ வந்துவிட்டதா என்று பார்க்கப் போனாய்.

ரிசல்ட் வந்தது. செந்திலுக்கும் மலருக்கும் எல்லாப் பெயரும் ஒன்று. பெரியப்பா மகனே பொருந்திவிட்டான் என்று வீடே கொண்டாடியது. பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "அழுவாத ஆத்தா, நம்ம ரத்தம் கைவிடாது" என்றார். நானும் சாமி கும்பிட்டேன். இனிப்பு வாங்கிவரச் சொன்னேன். எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டார்கள், நீ கையில் வைத்துக்கொண்டே நின்றாய். அந்தத் தாளில் இருந்தவை பழைய பெயர்கள், முன்பாதிகள் என்று பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. ஆனால் உன் முகத்தில் ஈயாடவில்லை என்பது தெரிந்தது.

கோயம்புத்தூர் டாக்டர் நல்லவர், சொல்ல வேண்டியதைச் சொன்னார். "சித்தப்பா பெரியப்பா பசங்களுக்குள்ள இப்படி முழுசாப் பொருந்தறது அபூர்வம். இது பழைய முறையில பார்த்த ரிப்போர்ட். ரெண்டு பேருக்கும் டி.என்.ஏ. டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு அட்மிஷன் போடலாம்" என்றார். அவ்வளவுதான், அறையே மாறிவிட்டது. டி.என்.ஏ. டெஸ்ட் என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். பிள்ளை யாருக்குப் பிறந்தது என்று கோர்ட்டில் கேட்கிற டெஸ்ட். உன் பெரியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பெரியப்பா எழுந்து நின்றார். "ஏனுங்க டாக்டரே, என்ற பையன் என்ற ரத்தமான்னு பாக்கோணுங்கறீங்களா? ரிப்போர்ட்டுதான் ஒண்ணாயிருக்குதுங்களே, அப்புறம் என்னத்துக்குங்க?" என்று கேட்டார். டாக்டர் தமிழிலும் இங்கிலீஷிலுமாக என்னவோ சொல்லிப் பார்த்தார், யார் காதிலும் ஏறவில்லை. உன் அப்பா எந்தக் காலத்தில் அண்ணன் போட்ட கோட்டைத் தாண்டினார்? அவர் தன் செருப்பைப் பார்த்தார். அந்த அறையில் அதை நம் பேச்சில் விளக்கத் தெரிந்த ஒரே ஆள் நீ. கட்டிங் டேபிளில் எனக்கும் மலருக்கும் புரியவைத்தவன், பெரியப்பாவுக்கு இரண்டு வார்த்தை சொல்ல முடியாதா? பெரியப்பா, இது அந்த டெஸ்ட் இல்லை, பெயரின் பின்பாதியைப் பார்க்கிற டெஸ்ட் என்று சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். நீ சொன்னால் அவர் கேட்பார். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும் கண்ணு. உன்னைக் கம்பெனியில் உட்கார வைக்க வேண்டும் என்று உன் அப்பா ஒற்றைக் காலில் நின்றபோது, படிக்கட்டும் விடு என்று உனக்காகப் பேசியவர் பெரியப்பா. காலேஜில் சேர்க்க உன்னைக் கூட்டிப்போனதும் அவர்தான். அவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்தாய். அது நல்ல குணம்தான், அந்தக் குணத்தை நான்தான் உனக்குள் ஏற்றினேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று எத்தனை முறை கிள்ளியிருக்கிறேன். விமான நிலையத்தில் நீ உள்ளே போகும் முன் கையைப் பிடித்துக் கேட்டேன், "ஏங்கண்ணு, அந்த டெஸ்ட் எடுத்துத்தான் ஆகோணுமா?" என்று. "பெரியப்பா வருத்தப்படுவாரும்மா. பொருந்தீரும், விடு" என்றாய். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பெட்டியின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னாய். யாரென்றே தெரியாத ஊர்க்காரர்களுக்கெல்லாம் நம்பாதே என்று குறி வைக்கிறவன், கூடப் பிறந்தவளுக்கு வைக்காமல் விமானம் ஏறிவிட்டாய்.

டெஸ்ட் வேண்டவே வேண்டாம் என்று பெரியப்பா பிடிவாதமாக நின்றதில், அது இல்லாமலேயே தீபாவளி முடிந்ததும் அட்மிஷன் என்று நாள் குறித்தார்கள். நர்ஸம்மா ஒருவர் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். உள்ளே போனதும் மருந்து ஏற்றி, மிச்சம் இருக்கிற மஜ்ஜையையும் சுத்தமாக அழித்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் புதியதை ஏற்றுவார்கள். நடுவில் நிறுத்த முடியாது, வந்த வழியே திரும்ப முடியாது. பொருந்தாதது உள்ளே போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஏறின மஜ்ஜை இந்த உடம்பையே அந்நியம் என்று எண்ணிக்கொள்ளும் என்றார். தோலையும் குடலையும் ஈரலையும் தாக்க ஆரம்பிக்கும் என்றார். சொல்லிவிட்டு, உங்களுக்குத்தான் நல்லாப் பொருந்தியிருக்கே, பயப்படாதீங்க என்றார். வீட்டுக்கு வந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பட்டாசு வெடிக்கிற சத்தம், பக்கத்துத் தெருவில் பலகாரம் சுடுகிற வாசனை, மலர் புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள், எனக்கோ நீ சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் செந்திலைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த டெஸ்டை எடுத்துப் பார்ப்போமா என்று கேட்டேன். அவன், "சின்னம்மா, எனக்கும் பயமாத்தான் இருக்குது. என்னால அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? வாங்க, போலாம். அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றான். கம்பெனி வேனில் செந்தில், மலர், நான் மூன்று பேரும் போனோம். டாக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். ரிசல்ட் வந்தபோது அவரே விரலை வைத்துக் காட்டினார். முன்பாதி எல்லாம் ஒன்று. பின்பாதியில் வேறு, ஓர் இடத்தில் அல்ல, இன்னும் சில இடத்திலும். நீ காட்டிய டிக்கெட்டேதான், லாட் ஒன்று, அடுக்கு வேறு. "நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சுது" என்றார் டாக்டர். எனக்கு எது நல்ல வேளை என்று சொல்லத் தெரியவில்லை. மகளைத் தப்பவும் வைத்தேன், அவளுக்கு இருந்த ஒரே ஆளையும் இல்லாமல் செய்தேன். அட்மிஷனை நிறுத்திவிட்டார்கள். வேன் அவிநாசி தாண்டுகிறவரை செந்தில் அழுதுகொண்டே வந்தான்.

பெரியப்பா மறுநாள் காலை வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. கம்பெனி கேட்டில், தைக்கிற பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் நின்றார். நான் கீழே இறங்கிப் போய், "உள்ள வாங்க மாமா, சொல்றேன்" என்றேன். "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். என்ற ஊட்டுக்காரிய ஊரே ஒரு மாதிரி பாக்க வெச்சுப்போட்ட. இனி எங்க கூட்டத்துல ஒருத்தனும் உங்க ஊட்டுக்கு ரத்தம் குடுக்க மாட்டான்" என்றார். எனக்குத் தெரிந்த அளவுக்கு விளக்கிப் பார்த்தேன். வேறு கூட்டத்திலிருந்து வந்தவள், அதுவும் பொம்பளை, என் பேச்சு எடுபடுமா? உன் அப்பா மாடிப்படியில் பாதி வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டார். பெரியப்பா திரும்பிப் போகும்போது அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை கண்ணு. சொல்ல வேண்டியவன் சொல்லாததால் அவமானப்பட்ட மனிதர். இன்னும் பார்க்காத பங்காளிப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அந்தக் கதவு அவ்வளவுதான். மலருக்கு இப்போது வாரம் தவறாமல் ரத்தம் ஏற்றுகிறோம். பவர் டேபிளில் தைக்கிற பீகார்ப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள், எந்தக் கூட்டம் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆனால் ஏற்றுகிற ரத்தம் உடம்பில் நிற்கிற நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன. நேற்று மூக்கில் வந்த ரத்தம் நிற்பதற்குள் ஒரு துண்டு முழுக்க நனைந்தது.

உன் மாமன் பிள்ளைகள் இருவரும் வந்து ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். ஊர் என்ன சொல்லும் என்று நான் பார்க்கவில்லை, போன் செய்தேன், அடுத்த பஸ்ஸில் ஏறி வந்தார்கள். முன்பாதி பின்பாதி எல்லாவற்றோடும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ரிசல்ட்டை உனக்கும் மெயிலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வருகிற வாரம் வந்துவிடும். நீ வாசி. உலகத்தில் எங்கெங்கோ பெயர் கொடுத்து வைத்திருக்கிற முகம் தெரியாத ஆட்களையும் உங்கள் கம்ப்யூட்டரில் தேட முடியும் என்றாயே, தேடு. அந்தப் பட்டியல்களில் பழைய பெயரோடு பாதியில் நிற்கிறவர்கள் எத்தனை பேரோ, அவர்களில் ஒருவர் மலருக்கு ஆனவராகவே இருந்தாலும் யாருக்குத் தெரியும்? வேலை சலிப்பாக இருக்கிறது, நாள் பூராவும் ஒரே மாதிரி எழுத்தைப் பார்த்து மாற்றுகிற குமாஸ்தா வேலை என்று வந்தபோது புலம்பினாய். அடுத்த முறை சலிப்பு வந்தால் அந்தத் துண்டை நினைத்துக்கொள்.

உனக்குப் புத்தி சொல்கிற வயதை நீ தாண்டிவிட்டாய். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ கற்றதை வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதே. மரியாதை என்று நான் சொல்லிக் கொடுத்ததில் வாயை மூடிக்கொள்வதும் சேர்ந்திருந்தால், அதை இன்றோடு நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மனம் நோகும் என்று பயந்து நீ பேசாமல் இருந்தாய், கடைசியில் யார் மனம்தான் நோகவில்லை?

இதை எழுதி முடித்துவிட்டேன் என்று எழுந்தபோது மலர் வந்து கதவருகே நின்றாள். அண்ணனுக்கா என்றாள். ஆமாம் என்றேன். திட்டியிருக்கிறாயா என்றாள். ஆமாம் என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "திட்டாதம்மா. செந்தில் அண்ணனுது பொருந்தாதுன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். டிக்கெட்ல என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டப்பவே அண்ணன் எந்திரிச்சுப் போயிருச்சு. டாக்டர் ரூம்லயும் வாயே தொறக்கல. பொருந்தியிருந்தா அண்ணன் சும்மா இருக்குமா, ஊரக் கூட்டியிருக்கும்." தெரிந்துகொண்டேவா அட்மிஷனுக்குத் துணி எடுத்து வைத்தாய் என்று கேட்டேன். "எல்லாரும் அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க. பெரியப்பா வேற. எப்படிம்மா சொல்றது?" என்றாள்.

உன்னைப் போலவேதான் அவளும். அவளையும் நான்தான் வளர்த்தேன்.

கரண்ட் வந்துவிட்டது, கீழே மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. இனி அந்த அறையிலிருந்து எனக்கு எதுவும் கேட்காது. போனை எடு கண்ணு. முதலில் பெரியப்பாவுக்குப் பேசு, நம் பேச்சில், அவருக்குப் புரிகிற மாதிரி. பிறகு உன் தங்கைக்குப் பேசு. அவளிடம் மட்டும் "ம்" என்று சொல்லாதே.

அம்மா